தெற்குச் சுவர்

சிவராசா அண்ணை போன் எடுத்தால் ஒரு நாளும் "எப்பிடி இருக்கிறாய்" எண்டு தொடங்க மாட்டார். நேரை விசயத்துக்கு வந்திடுவார். அண்டைக்கும் அப்பிடித்தான்.

"சிசிலி, வியாழக்கிழமை உனக்கு வேலையோ?"

"ஓம் அண்ணை. கார்டரியிலை பிள்ளையளை ஆர் பாக்கிறது? ஏன்?"

"லீவு போடு. நகரசபையிலையிருந்து ஒரு மனிசி வீட்டைப் பாக்க வருது. பிரெஞ்சு மட்டுந்தான் கதைக்குமாம்."

"நிருஷாவைக் கூப்பிடுங்கோவன். உங்கடை மகள் பிரெஞ்சிலைதானே படிச்சவள்."

"அவள் நான் சொல்லுறதைச் சொல்ல மாட்டாள். தான் நினைக்கிறதைத்தான் சொல்லுவாள். நீயெண்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவாய்."

உள்ளதை உள்ளபடி சொல்லப் போய் எனக்கு இந்த ஊரிலை எத்தினை பேரோடை கோவம் எண்டு அண்ணைக்குத் தெரியாது. எண்டாலும் லீவு போட்டன்.

அவையின்ரை வீட்டைப் பற்றி முதல்லை சொல்லோணும். கர்க்லாண்டிலையிருந்து வடக்காலை காரிலை பத்து நிமிசம் போனால் ஆத்தங்கரை. அந்தக் கரையிலைதான் வீடு. எங்கடை சனமெல்லாம் ரெண்டு கராஜ் வைச்ச புது வீடு தேடித் திரியேக்கை, இந்த மனிசன் இருநூத்தைம்பது வருசத்துக்கு முந்தி ஆரோ ஒரு பிரெஞ்சுக் கமக்காரன், தன்ரை வயல்லை பொறுக்கின கல்லாலை கட்டின வீட்டை வாங்கினார். சுவர் ரெண்டு அடி மொத்தம். கூரை செங்குத்து. யன்னல் ஒவ்வொண்டும் பொட்டு மாதிரிச் சின்னன். ஒருகாலத்திலை அந்த வீட்டிலையிருந்து தெற்காலை கண்ணுக்கெட்டின தூரம் வயலாம். இப்ப முழுக்க வீடுகள். சனம் அதை "சிவராசாவின்ரை கோட்டை" எண்டு பகிடி பண்ணும். நானும் பண்ணினனான், ஏன் பொய் சொல்லுவான்.

அண்ணை ஊரிலை, கொக்குவில்லை, மேசன். இஞ்சை வந்து முப்பது வருசம் கார் பார்க்குகளின்ரை கொங்கிறீட் திருத்துற வேலை. "பலகை வீட்டிலை எனக்கு நித்திரை வராது பிள்ளை," எண்டு சொல்லுவார். "இவங்கடை வீட்டுச் சுவரைத் தட்டிப் பார், தகரப் பேணி மாதிரிச் சத்தம் போடும். சுவரெண்டால் தட்டினால் சத்தம் வரக் கூடாது." கல்வீடு கட்டிறதுதானே எங்கடை ஊரிலை மனுசன் தலைநிமிர்ந்தான் எண்டதுக்கு அடையாளம். அண்ணை ஊரிலை எத்தினையோ பேருக்குக் கட்டிக் குடுத்தவர், தனக்கெண்டு கட்ட முந்திச் சண்டை வந்திட்டுது. இஞ்சை கட்டியிருந்த ஒண்டைக் கண்டவுடனை மனிசன் விழுந்திட்டார்.

போன யூலையிலை ஒரு காலமை, அண்ணையின்ரை மனிசி தாட்சாயினி அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சவ அப்பிடியே குசினியிலை விழுந்திட்டா. பாரிசவாதம். வலது பக்கம் முழுக்க விளங்காமல் போச்சு. அம்புலன்ஸ் பெடியங்கள் அவவைக் கதிரையிலை இருத்தி வெளியிலை கொண்டு வரப் பட்ட பாடு! அந்த வீட்டுக்கு ஒரு வாசல்தான், ஆத்துப் பக்கம். கதவகலம் இருபத்தேழு அங்குலம். வெளியிலை ஏழு படி, படிக்குக் கீழை சரிவு. கதிரையைச் சரிச்சுத் திருப்பேக்கை அக்காவின்ரை கை கல்லிலை உராய்ஞ்சு தோல் கிளம்பிட்டுது. அண்ணை வாதத்தைப் பற்றி ஆரோடையும் கதைக்க மாட்டார். அந்த உராய்ஞ்சதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

அக்கா கோட்-டெ-நெய்ஜிலை ஒரு ஆஸ்பத்திரியிலை இருபது வருசம் துப்புரவு வேலை செய்தவ. பிரெஞ்சிலையும் இங்கிலீசிலையும் எல்லாரையும் பகிடி பண்ணிச் சிரிக்க வைக்கிற மனிசி. வாதம் வந்ததோடை ரெண்டும் துடைச்சுவிட்ட மாதிரிப் போச்சு. தமிழ் மட்டும் மிஞ்சினது. அதுவும் ஒவ்வொரு சொல்லா, தேடித் தேடி.

இப்ப அவ புனர்வாழ்வு நிலையத்திலை. அங்கத்தை ஆக்கள் அண்ணைக்கு அறுத்துறுத்துச் சொல்லிப்போட்டினம். நவம்பர் முடியிறதுக்குள்ளை வண்டில் கதிரை படியில்லாமல் போய் வரக்கூடிய வாசல் வீட்டிலை இருக்கோணும். இல்லாட்டி அவவை நெடுநாள் பராமரிப்பு விடுதிக்கு மாத்துவினம். அண்ணை வீட்டுக்குள்ளை எல்லாம் செய்து முடிச்சிட்டார். கீழ்த்தட்டிலை கட்டில், கைபிடி வைச்ச கக்கூசு, அகலக் கதவு. மிச்சம் வெளி வாசல்தான். அங்கைதான் நகரசபை குறுக்கை நிண்டது. வீடு பாரம்பரியச் சொத்துப் பட்டியல்லை இருக்காம், வெளிச்சுவரிலை உளி வைக்கக் கூடாதாம்.

புதன்கிழமை நான் அக்காவைப் பாக்கப் போனன். இடியப்பத்தைச் சொதியிலை நல்லா ஊறவிட்டு மசிச்சுக் கொண்டு போனனான். அவவுக்கு விழுங்கிறது கரைச்சல்.

"சாப்பிட்டியளோ அக்கா?"

"களி... தந்தவள்."

"என்ன களி?"

"உருளைக்கிழங்கு. மூண்டு நேரமும். கண்டறியாத... களி."

நான் சிரிச்சன். அவவும் ஒரு பக்கத்து வாயாலை சிரிச்சா. நாலு கரண்டி இடியப்பம் இறங்கினாப் பிறகு என்ரை கையைப் பிடிச்சா.

"நேற்று... ஒரு மணித்தியாலம் கேட்டனான்."

"என்ன கேட்டனீங்கள்?"

"வெளிக்குப் போகோணும் எண்டு."

"ஐயோ, ஒருத்தரும் வரேல்லையோ?"

"வந்தவள். நல்ல பிள்ளை. தண்ணி தந்தாள். யன்னல்... பூட்டினாள். போர்வை போட்டாள்." கண் நிறைஞ்சு போச்சு. "பேந்து... கட்டில்லையே."

அந்தப் பிள்ளைக்கு இவவின்ரை தமிழ் விளங்கியிருக்காது. நான் சொதியைக் கலக்கினன்.

"எப்ப வீடு?" எண்டா.

"கெதியா அக்கா. அண்ணை ஓடித் திரியிறார்."

"எனக்கு... வாசல் வேண்டாம். யன்னலாலை எறியச் சொல்லு," எண்டா. பகிடிதான். ஆனால் கையை விடேல்லை.

வியாழக்கிழமை வந்த மனிசியின்ரை பெயர் மாடாம் கரோன். ஐம்பது வயசிருக்கும், றப்பர் சப்பாத்து, கழுத்திலை கமரா. காராலை இறங்கினவ எங்களுக்கு போன்ஜூர் சொல்ல முந்திச் சுவருக்குச் சொல்லுற மாதிரிக் கையை அதிலை வைச்சுக்கொண்டு நிண்டா. உள்ளுக்கை போய் அடுப்படிப் புகைபோக்கியைத் தடவினா. முகட்டு மரத்திலை கோடாலி வெட்டின அடையாளத்தை எனக்குக் காட்டினா. வாள் இல்லாமல், கோடாலியாலை மட்டும் சீவின மரமாம். இப்பிடி வீடு எங்கடை நகரம் இருக்கிற இந்தத் தீவிலை கொஞ்சந்தான் மிச்சமாம். பெறுமதி மிக உயர்வு எண்டு பட்டியல்லை எழுதியிருக்காம்.

நான் எல்லாத்தையும் தமிழிலை சொன்னன். அண்ணை சால்வையைக் கழுத்திலை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ரை மனிசிக்கு எவ்வளவு பெறுமதி போட்டு வைச்சிருக்கினம் எண்டு கேள்."

அதை நான் மொழிபெயர்க்கேல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுறவள் எண்டாலும் எனக்கும் கொஞ்சம் அறிவிருக்கு. ஆனால் மாடாம் விடேல்லை. "அவர் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டா. சரி, வாறது வரட்டும் எண்டு சொல்லிப்போட்டன். அவ கோவிக்கேல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

"எனக்கு விளங்குது. ஆனால் புதுசா வெட்ட நான் எழுதிக் குடுக்கேலாது. எழுதினாலும் பாரம்பரியச் சொத்துக் குழு விடாது," எண்டா.

பிறகு வீட்டைச் சுத்தி வந்தம். ஆத்துப் பக்கம் பள்ளம், தெற்குப் பக்கம் மேடு. தெற்காலை நிலம் வீட்டுத் தரையோடை சரிமட்டம். அந்தப் பக்கம் ஒரு கல்லும் தெரியாது. நிலத்திலையிருந்து கூரை வரைக்கும் சாம்பல் நிறமாச் சீமெந்து.

மாடாம் கரோனுக்கு முகம் கறுத்துப் போச்சு. "இது ஆர் செய்தது?"

கேள்வியின்ரை தொனி விளங்காமலே அண்ணை நெஞ்சை நிமித்தினார். "நான்தான். வீடு வாங்கின முதல் கோடை. தனிய நிண்டு பூசினது. மட்டம் வைச்சுப் பாக்கச் சொல்லு, ஒரு நூல் பிசகாது."

மாடாம் ஆறுதலாச் சொன்னா. பழைய சுவர் சுண்ணாம்பாலை கட்டினது. ஈரம் அதுக்குள்ளாலை வந்து போகும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளை அடைபட்டுப் போகும். குளிர் வந்ததும் உறைஞ்சு கல்லை வெடிக்கப் பண்ணும். இந்தச் சுவர் உள்ளுக்குள்ளை செத்துக்கொண்டிருக்கு எண்டா.

நான் கடைசி வசனத்தை மெதுவாத்தான் சொன்னன். அண்ணைக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு.

"முப்பது வருசம் சீமெந்திலை நிண்டவனுக்கு இவ சுவர் படிப்பிக்கிறாவோ? இஞ்சை பார்!" எண்டு போட்டு விரலை மடக்கித் தட்டினார்.

டொக்கு டொக்கெண்டுது.

இன்னொரு இடத்திலை தட்டினார். அங்கையும் அப்பிடித்தான். உள்ளை கல்லும் சீமெந்தும் விட்டுப் போச்சு. தகரப் பேணிச் சத்தம். அண்ணை கையை இழுத்துச் சட்டைப் பைக்குள்ளை வைச்சார். பாவமா இருந்தது எனக்கு.

மாடாமுக்கும் இரக்கமாத்தான் இருந்திருக்கோணும். போக வெளிக்கிட்டவ திரும்பி நிண்டு சொன்னா. "ஒரு வழி இருக்கு. முந்தி வாசல் இருந்து பிறகு அடைச்சிருந்தால், அதைத் திரும்பத் திறக்க விடுவினம். இப்பிடியான வீடுகளிலை வயல் பக்கம் ஒரு வாசல் இருக்கிறதுதான் வழமை. ஆனால் ஆதாரம் வேணும். இவருக்கு ஏதாவது தெரியுமோ எண்டு கேளுங்கோ."

நான் கேட்டன். அண்ணை பேயறைஞ்ச மாதிரி நிண்டார். பிறகு சொன்னார், "றோல்ஸ் பொரிச்சு வைச்சனான். அவவைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

மாடாம் ரெண்டு றோல்ஸ் சாப்பிட்டு, மெர்சி சொல்லிப்போட்டுப் போனா. கார் திரும்பினதுதான் தாமதம், நான் அண்ணையைப் பிடிச்சன்.

"என்னண்ணை மறைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

"சின்னப் பிள்ளையளோடை நாள் முழுக்க நிக்கிறவள் நான். களவா வாய்க்குள்ளை ஒண்டை வைச்சுக்கொண்டு முழுசுற முகம் எனக்குத் தெரியாதோ? சொல்லுங்கோ."

அண்ணை கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

"இருந்தது," எண்டார்.

"என்ன இருந்தது?"

"வாசல். தெற்குச் சுவரிலை. கொடியெல்லாம் மூடிக் கிடந்தது. நான் கொடியை இழுத்து விழுத்தேக்கை கண்டனான். மேலை ஒரு மொத்த மரம், ரெண்டு பக்கமும் சீவின கல்லு, நடுவிலை கண்டபடி கல்லைப் போட்டு அடைச்சுக் கிடந்தது."

"அட கடவுளே! பிறகேன் பூசினியள்?"

"தாட்சா கண்டிட்டா. தெற்கு வாசல் வீடோ எண்டு அண்டைக்கு முழுக்க அழுகை. யமன்ரை திசையிலை வாசல் வைச்ச வீட்டிலை ஒரு நாளும் இருக்க மாட்டன் எண்டா. அடைச்சுத்தானே கிடக்கு எண்டு சொல்லிப் பாத்தனான். அடையாளமும் தெரியக் கூடாதாம். பக்கத்திலை நிண்டு பூசுவிச்சவ."

எனக்கு வந்த கோவம்! நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், எனக்கு வடக்கும் ஒண்டு தெற்கும் ஒண்டு. "அந்த மனிசி கட்டில்லை கிடந்து வெளிக்குப் போகக் கேக்கத் தெரியாமல் அழுகுது. நீங்கள் வாசலைக் கையிலை வைச்சுக்கொண்டு றோல்ஸ் குடுக்கிறியள்!"

"கத்தாதை சிசிலி." அண்ணையின்ரை குரல் உடைஞ்சு போச்சு. "தன்னாலைதான் தான் வீட்டுக்கு வரேலாமல் கிடக்கிறன் எண்டு அவவுக்குத் தெரிஞ்சால்? வாதத்துக்குப் பிறகு பழசு கனக்க மறந்திட்டா. இதுவும் மறந்ததோடை மறந்ததாக் கிடக்கட்டும் எண்டுதான் பாத்தன். வேறை வழியாலை விடுவினம் எண்டு நினைச்சன்."

"வேறை வழி இல்லையெண்டு இப்ப சொல்லிப்போட்டா. நவம்பர் முடிய இன்னும் எத்தினை நாள் கிடக்கு?"

அண்ணை கலண்டரைப் பாக்கேல்லை. நாள் கணக்கு அவருக்குப் பாடம். "மாடாமுக்குப் போன் போடு," எண்டார். "ஆனால் தாட்சாவுக்கு ஒண்டும் சொல்லாதை."

"அந்த வாசலாலை கூட்டிக்கொண்டு வரேக்கை கண்ணைக் கட்டியோ கொண்டு வரப் போறியள்?"

அண்ணை போனை எடுத்து என்ரை கையிலை வைச்சார்.

மாடாம் கரோன் அடுத்த செவ்வாயே வந்திட்டா. மேல் மரம் கிடக்கிற உயரத்திலை ஒரு சின்ன இடத்தை மட்டும் உடைச்சுப் பாக்கலாம், மெசின் கூடாது, கைவேலைதான் எண்டா. ஒக்டோபர் கடைசி. ஆத்துக் காத்து எலும்பைத் துளைக்குது. அண்ணை தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, ஏணியிலை ஏறி உளியைப் பிடிச்சார். தான் மட்டம் பாத்துப் பூசினதைத் தானே கொத்துறார். ஒவ்வொரு அடிக்கும் தோடு தோடா, பாளம் பாளமாச் சீமெந்து விழுது. விழுந்த இடத்திலை உள்ளை ஈரம், கறுப்பாப் பூஞ்சணம். ஒரு கல்லு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கொட்டிச்சு. அதைக் கையிலை ஏந்திப் பாத்திட்டு அண்ணை திரும்ப உளியை எடுத்தார்.

அந்த நேரம் பாத்து நிருஷா லவாலிலையிருந்து வந்திறங்கினாள். மருந்துக்கடை வேலைச் சட்டையோடை.

"அப்பா, என்ன இது? நான் உங்களுக்கு லவாலிலை கொண்டோ வீடு ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். லிஃப்ட் இருக்கு. மெத்ரோ பக்கத்திலை. அம்மா நாளைக்கே போகலாம். நீங்கள் இஞ்சை கல்லுக் கொத்துறியள்!"

"கொண்டோவிலை தாட்சாவுக்கு என்ன கிடக்கு?"

"இஞ்சை என்ன கிடக்கு? சிசிலி அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ. இவருக்கு அம்மாவிலும் பாக்க வீடுதான் பெரிசு."

அண்ணை ஏணியாலை இறங்கினார். "பதினைஞ்சு வருசம் கொம்மா இந்த வீட்டிலை எழும்பினவ. இருட்டிலையும் எந்தச் சாமான் எங்கை எண்டு தெரியும். பேச்சுப் போச்சு. கை போச்சு. வீட்டையும் மாத்தினால் அவவுக்கு என்னதான் மிச்சம்? புது இடத்திலை கண் முழிச்சால் தான் ஆரெண்டே தெரியாது அவவுக்கு."

"அது உங்கடை யோசனை. அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"எப்ப வீடு, எப்ப வீடு எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. அது கொண்டோவையோ?"

நிருஷா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் எண்டு முதுகிலை தெரிஞ்சுது. அவளைக் குறை சொல்லி என்ன? கைக்குழந்தையோடை ரெண்டு இடமும் ஓடி ஓடிக் களைச்சுப் போனவள்.

அண்ணை திரும்ப ஏறி ரெண்டு அடி அடிச்சார். ஒரு பெரிய தோடு கழண்டு விழுந்துது. உள்ளை மரம் தெரிஞ்சுது. கறுத்து, மொத்தமா, கோடாலிச் சீவல் அடையாளத்தோடை. மாடாம் கரோன் "ஓ" எண்டு ஒரு சத்தம் வைச்சா, பிரெஞ்சும் இல்லை, ஒண்டும் இல்லை. அங்காலை இங்காலை கொத்தி ரெண்டு ஓரமும் பிடிச்சாப் பிறகு நிருஷாதான் அளவுநாடாவை வாங்கிப் பிடிச்சாள்.

"நாப்பத்தொண்டு," எண்டாள். திரும்பவும் அளந்தாள். "அப்பா, நாப்பத்தொரு அங்குலம்."

அண்ணை சந்தோசப்படேல்லை. ஏணிக் கம்பிலை நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டார்.

குழு நவம்பர் நடுப்பகுதியிலை கூடிச்சு. நீட்டு மேசை, அஞ்சு பேர். அண்ணை கல்யாண வீட்டுக்குப் போடுற கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மாடாம் கரோன் படங்களைக் காட்டினா. தாடி வைச்ச ஒருத்தர் கண்ணாடிக்கு மேலாலை பாத்துக் கேட்டார்.

"இந்த அடையாளம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. பிறகேன் மூடினீங்கள்?"

நான் தமிழிலை சொன்னன். அண்ணை எழும்பி நிண்டார்.

"நான்தான் மூடினது. என்ரை யோசனைதான். வீட்டிலை வேறை ஒருத்தருக்கும் இதிலை சம்மந்தமில்லை எண்டு சொல்லு."

வேறை ஆரையும் பற்றி அங்கை ஒருத்தரும் கேக்கேல்லை. "அண்ணை..." எண்டன்.

"சொல்லு."

உள்ளதை உள்ளபடி சொல்லுறவள் எண்டு கூட்டிக்கொண்டு போய், என்னைக் கொண்டே பொய் சொல்லுவிச்சார் அந்த மனிசன். சொன்னன். காரணம் கேட்டினம். "பயம் எண்டு சொல்லு, எங்கடை ஆக்களுக்குத் தெற்கு வாசல் பயம்," எண்டார். அதையும் சொன்னன். வீட்டுக்காரர் பயத்தாலை மூடினார் எண்டு அந்த வீட்டின்ரை ஃபைலிலை பதிஞ்சினம்.

திறக்க விட்டினம். ஆனால் மேல் மரத்திலையும் ஓரக் கல்லிலையும் வாசல்படியிலையும் உளி படக் கூடாது. எடுக்கிற கல்லெல்லாம் இலக்கம் போட்டு வைக்கோணும். இப்போதைக்குப் பலகைக் கதவு. பனி கரைஞ்சாப் பிறகு சீமெந்து முழுக்கக் கழட்டிச் சுண்ணாம்பு பூசோணும், அதையும் தெரிஞ்ச ஒருத்தரிட்டைப் பழகி. அறுபத்தாறு வயசிலை அண்ணை திரும்பவும் மேசன் வேலை படிக்கோணும். எல்லாத்துக்கும் ஓம் எண்டார்.

அடைச்ச கல்லை எடுக்க அஞ்சு நாள் பிடிச்சுது. சோக்காலை இலக்கம் போட்டு நானும் நிருஷாவும் நிலவறைக்குக் காவினம். கடைசிக் கல்லு எடுத்தாப் பிறகு கீழை வாசல்படி தெரிஞ்சுது. ஒரே கல்லு. நடுவிலை கை குழிச்சுப் பிடிச்ச மாதிரி ஒரு பள்ளம்.

"உடைஞ்சு போச்சோ?" எண்டன்.

"இல்லை," எண்டு அண்ணை குந்தியிருந்து தடவினார். "கால் பட்டுத் தேய்ஞ்சது."

வயலுக்குப் போன கால், வந்த கால். கல்லு தேயிறதெண்டால் எத்தினை பேர், எத்தினை வருசம்! மாடாம் கரோன் பனி ஈரத்திலை முழங்காலிலை நிண்டு படம் எடுத்தா. இந்த வீட்டிலை இதிலும் பாக்கப் பெறுமதி ஒண்டும் இல்லை எண்டா. எனக்கு அண்டைக்குத்தான் அந்த மனிசி ஏன் சுவரைத் தடவித் திரியிறா எண்டு விளங்கிச்சு.

நவம்பர் இருபத்தெட்டு அக்காவைக் கொண்டு வந்தினம். மெல்லிய பனி. நிலையத்து வான் வண்டி தெற்குப் பக்கம் வந்து நிண்டுது. நிருஷா ஆலாத்தித் தட்டோடை வாசல்லை. அண்ணை வண்டில் கதிரையைத் தள்ளுறார், நான் பக்கத்திலை. அக்கா போர்வைக்குள்ளை முகம் மட்டும் தெரிய இருந்தா. பலகைக் கதவைத் திறந்தம். முன் சில்லு வாசல்படிப் பள்ளத்திலை விழுந்து இறுகிட்டுது.

அண்ணை தள்ளினார். அசையேல்லை.

"நில்லுங்கோ," எண்டா அக்கா.

நிண்டம். அவ தலையைத் திருப்பினா. சூரியனைத் தேடினா. பிறகு மேலை மரத்தைப் பாத்தா, ரெண்டு பக்கச் சீமெந்தைப் பாத்தா.

"இது... தெற்கெல்லோ?"

"ஓம்," எண்டார் அண்ணை. "நகரசபையிலை இதாலைதான் விடலாம் எண்டு சொல்லிப்போட்டினம். நான் என்ன செய்யிறது?"

"முந்தி... இருந்தது. மூடினது."

"ஓம். நான்தான் மூடினனான்."

"மூடச் சொன்னது நான்."

நிருஷாவின்ரை தட்டு சரிஞ்சு ஆலாத்தித் தண்ணி பனியிலை ஊத்துப்பட்டுது. அவளுக்கு இது தெரியாது. அண்ணை "இல்லையப்பா, இல்லையப்பா" எண்டு கதிரைக்குப் பின்னாலை நிண்டு முகத்தைத் துடைக்கிறார். அக்கா விடேல்லை. யூலைக்குப் பிறகு அவ அவ்வளவு நீளத்துக்குக் கதைச்சு நான் கேக்கேல்லை.

"நீங்கள் பூசினியள். நான் தேத்தண்ணி கொண்டந்து... நிண்டு பாத்தனான். கீழையும் பூசுங்கோ... எண்டனான். எல்லாம் தெரியும். அங்கை கிடந்து... அதைத்தான் நினைச்சனான். ஒவ்வொரு நாளும்."

மறந்திட்டா, மறந்திட்டா எண்டு அண்ணை நாலு மாசமா ஒளிச்சார், பேந்து நானும் சேந்து ஒளிச்சன். அந்த மனிசி தனியக் கிடந்து, சொல்லத் தெரியாத ஊரிலை, அதையே தின்றுகொண்டு கிடந்திருக்கு.

"அம்மா, குளிருது. முதல் உள்ளுக்குப் போவம்," எண்டாள் நிருஷா.

"சொல்லீட்டுத்தான் போவன். சிசிலி, நகரசபையிலை... ஆர் மூடினதெண்டு எழுதினது?"

இனி ஏன் பொய்? "வீட்டுக்காரர் பயத்தாலை மூடினார் எண்டு எழுதியிருக்கு அக்கா."

"பிழை. என்ரை பெயரைப் போடு. தாட்சாயினி."

"சரி அக்கா. நாளைக்கே மாடாமுக்கு எழுதிறன். என்ன காரணம் போட?"

சொல்லைத் தேடினா. பனி அவவின்ரை போர்வையிலை விழுந்து விழுந்து கரையுது.

"பயம் எண்டு போடு," எண்டா. "இப்பவும் பயம்... எண்டும் போடு." இடது கையாலை ஓரக் கல்லைப் பிடிச்சா. "ஆனால்... இந்த முறை மூடச் சொல்லேல்லை எண்டு போடு."

அண்ணை குளிர் ஜக்கெட்டைக் கழட்டினார். அதை நாலாய் மடிச்சு வாசல்படிப் பள்ளத்துக்குள்ளை அடைச்சார். சேட்டோடை நிண்டு பின்னாலை பிடிச்சுத் தள்ளினார். சில்லு ஜக்கெட்டிலை ஏறி உள்ளுக்குப் போச்சு.